அப்பாவுக்கு இதய அப்லேஷன்: விலை கூடின முறைக்குக் கடன் வாங்கலாமா?

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்லிட்டாங்க. நெஞ்சு படபடப்பு மாத்திரைக்கு அடங்கல. கேத்தீட்டர் அப்லேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றார். "புது டெக்னாலஜி வேணும்னா தனி ரேட்"னு பில்லிங் கவுன்ட்டர்ல சொல்றாங்க. பர்சனல் லோன் ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க நண்பர்களே.

எல்லா முறையிலும் வேலை ஒண்ணுதான். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியா மெல்லிய குழாயை இதயத்துக்குள்ள அனுப்பி, நுரையீரல் சிரைகள் வந்து சேர்ற இடத்தைச் சுற்றித் தழும்பு போடுவாங்க. தாறுமாறான மின் சிக்னல் அதைத் தாண்டாது. ரேடியோ ஃப்ரீக்வன்சி புள்ளி புள்ளியா சூடு வைக்கும். க்ரையோ பலூன் ஒரு வட்டமா உறைய வைக்கும். புதுசா வந்த பல்ஸ்டு ஃபீல்ட், அதாவது பி.எஃப்.ஏ, மின் துடிப்பால செல்களை அழிக்கும்.

விட்டு விட்டு வர்ற வகை நோயாளிகள்கிட்ட நடந்த ரெண்டு ஆய்வைப் பாருங்க. 2016-ல 'ஃபயர் அண்ட் ஐஸ்', 762 பேர்: சூடும் குளிரும் பலன்ல ஏறக்குறைய சமம். 2023-ல 'அட்வென்ட்': ஒரு வருஷத்துல பி.எஃப்.ஏ வெற்றி 73.3%, பழைய முறைகள் 71.3%. உணவுக்குழாய், உதரவிதான நரம்பு பாதிக்கிற பயம் பி.எஃப்.ஏ-வில கம்மி; அது நிஜமான நன்மைதான். ஆனா எந்த முறையிலும் நாலுல ஒருத்தருக்கு மேல முதல் தடவையிலேயே முழுப் பலன் கிடைக்கல. இரண்டாவது தடவை வரலாம். இருக்கிற சம் இன்ஷூர்டையும் எமர்ஜென்சி ஃபண்டையும் முதல் தடவையிலேயே காலி பண்ணிட்டா அப்போ எங்க போவீங்க? என்னைக் கேட்டா, புது மெஷினை விட அந்த டாக்டர் எந்த முறையை எத்தனை தடவை பண்ணியிருக்கார்ங்கிறது முக்கியம். தயங்காம கேளுங்க.

அடுத்து ரூம் வாடகை. பாலிசி லிமிட் 5,000 இருக்க, 10,000 ரூம் எடுத்தா டாக்டர் ஃபீஸ், ஓ.டி. சார்ஜ் எல்லாத்துலயும் பாதி வெட்டுவாங்க. ஆனா மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், மருத்துவ உபகரணம், டெஸ்ட் இதையெல்லாம் இந்தக் கணக்குல வெட்டக் கூடாதுன்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2020-லயே சொல்லிடுச்சு. பில்லுல கனமான ஐட்டமே கேத்தீட்டர்தான். அதுல கை வெச்சிருந்தா எழுத்துல காரணம் கேளுங்க.

ப்ரீ-ஆத் அனுப்பும்போது வெறும் "அப்லேஷன்"னு போடாம முறையோட பேரு, கேத்தீட்டர் விலை ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. அப்ரூவல் தொகை வந்த பிறகு ரூமைத் தேர்ந்தெடுங்க.