கொம்பில் மலர்ந்த கலை

கல், செம்பு, ஓலை என எழுத்தும் ஓவியமும் ஏறிய பரப்புகள் பல. அவற்றுள் மாட்டுக் கொம்பும் ஒன்றாகும். 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கப் படைவீரர்கள் துப்பாக்கி மருந்து நனையாதிருக்க அதனைக் கொம்புக் குடுவையில் இட்டுத் தோளில் தொங்கவிட்டனர். 1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்குப் பொருத காலத்தில், உரியவர் பெயர், ஆண்டு, கோட்டைகள், ஹட்சன், மோகாக் ஆறுகளின் வழிப்படம் முதலியன அக்கொம்புகளில் பொறிக்கப்பெற்றன. அப்பணி எத்துணை அரியது என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது இடர், பொருளின் இயல்பு. நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதமே கொம்பிலும் உள்ளது. அதன் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. இழையின் போக்கில் கீறினால் கத்தி வழுக்கி ஓடும். குறுக்கே கீறினால் கோட்டின் ஓரம் பிசிர்படும். எனவே, ஒரு சிறு வட்டம் வரையவும் கையின் அழுத்தத்தை நொடிக்கு நொடி மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது, வடிவம். கொம்பு வளைந்தது, அடி பருத்து நுனி சிறுத்தது. தாளில் நேராக வரைந்த படம் அதன்மேல் கோணிவிடும். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் காணவும் இயலாது; உருட்டி உருட்டியே வரைதல் வேண்டும்.

மூன்றாவது, திருத்தத்திற்கு இடமின்மை. பிழைபட்ட கோட்டைச் சுரண்டினால் அவ்விடம் பள்ளமாகும், சுவரும் மெலியும். உள்ளிருக்கும் மருந்தின் அளவு தெரியுமாறு முன்னரே மெல்லிதாகச் சீவிய கொம்பாயின் ஓட்டை விழுதலும் கூடும்.

நான்காவது, மையிடுதல். கீறல்களில் புகைக்கரியையோ மையையோ தேய்த்துத் துடைத்தால் ஓவியம் துலங்கும். ஓலைச்சுவடியில் கீறிய எழுத்தைத் துலக்க நம் முன்னோர் கையாண்டதும் இம்முறையே. ஆயின், கொம்பை முன்னரே நன்கு மெருகிடாவிடில் கரி பரப்பெங்கும் படிந்து, நுண்ணிய கோடுகள் மங்கிவிடும்.

இத்துணை இடர்களையும் வென்ற கைகளுள் ஒன்று ஜான் புஷ் என்பவருடையது. அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஷ்ரூஸ்பரி ஊரினர், கறுப்பினத்தவர். படைவீரராகப் பணிபுரிந்துகொண்டே 1755ஆம் ஆண்டளவில் உடன் வீரர்க்குக் கொம்புகளில் எழில் எழுத்துகளைப் பொறித்துத் தந்தார். 1757 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்ட அவர், பின்னர் வீடு திரும்பவேயில்லை. அவர் பிறர்க்காகப் பொறித்த கொம்புகளே இன்று அவரை நமக்கு அறிவிக்கின்றன.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1945இல் இக்கலைக்கெனத் தனி நூலே வெளியிட்டது. கூடாரத்தில் கிடைத்த சிறு பொழுதில் ஒரு கத்திமுனை வரைந்தவை இன்று வரலாற்றுச் சான்றுகளாகத் திகழ்கின்றன. எளிய பொருள், குறைந்த கருவி, தளராத பொறுமை ஆகிய இம்மூன்றும் கூடுமிடத்தில் கலை பிறக்கும் என்பதற்கு இக்கொம்புகளே சான்று எனில் அது மிகையன்று.