ஆட்டக்காரரும் பயிற்றுநரும்

சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் ஆடுவதை நிறுத்தியதும் சிறந்த பயிற்றுநராகிவிடுவார் என்று பலரும் எண்ணுகின்றனர். பாடத் தெரிந்தவர் எல்லாரும் பாட்டு வாத்தியார் ஆகிவிடுவதில்லை அன்றோ? ஆடுவது ஒரு தொழில். ஆடக் கற்பிப்பது வேறொரு தொழில். சிங்கப்பூர்க் காற்பந்து வீரர் வி. சுந்தரமூர்த்தியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1965ஆம் ஆண்டு பிறந்த இவர், 1980களில் மலேசியக் கிண்ணப் போட்டிகளில் சிங்கப்பூர்க் குழுவுக்காக ஆடிப் புகழ் பெற்றார். கெடா மாநிலக் குழுவிலும், சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்திலும் ஆடியவர். தோட்டத்துப் பெரியவர்களுள் வானொலியருகே அமர்ந்து அவ்வாட்டங்களைக் கேட்டவர்கள் இப்பெயரை மறந்திருக்கமாட்டார்கள். பந்தைக் காலோடு ஒட்டவைத்தாற்போல் கொண்டுசென்று இரண்டு மூன்று பேரை ஏமாற்றிக் கடப்பார். அதனால் 'டேஸ்லர்', அதாவது காண்போர் கண்ணைக் கூசச் செய்பவர், என்னும் பட்டப்பெயர் பெற்றார். 1993இல் புரூணைக்கு எதிராக அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அவர் உதைத்த கோலைப் பற்றி இன்றும் பேசுவார்கள்.

இத்தகைய திறமையை எங்ஙனம் பிறருக்குக் கற்பிப்பது? அதுவே சிக்கல். ஆட்டக்காரரின் கால், மூளை எண்ணும் முன்பே வேலையை முடித்துவிடுகிறது. பயிற்றுநரோ அதே வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்லவேண்டும். ஆட்டக்காரர் பந்தைப் பார்க்கிறார். பயிற்றுநர் பந்தில்லாத இடத்தைப் பார்க்கவேண்டும். எதிரி எங்கே புகுவான், நம் காவலர் இருவருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி உள்ளது, யார் களைத்துவிட்டார் என்பன அவர் கணக்குகள். ஆட்டம் தொடங்கியபின் அவர் பந்தைத் தொடவும் முடியாது. இத்தொழிலுக்குப் படிப்பும் தேர்வும் உண்டு. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு சி, பி, ஏ எனவும், அவற்றுக்கு மேல் புரோ எனவும் படிப்படியாகச் சான்றிதழ் வழங்குகிறது. பழைய புகழைக் காட்டி அவற்றைப் பெற இயலாது. பிள்ளை பந்தாடிப் பொழுதை வீணாக்குகிறானே என்று வருந்தும் பெற்றோர், விளையாட்டிலும் இப்படியொரு கல்வி இருப்பதை அறிவது நன்று.

சுந்தரமூர்த்தி ஜூரோங் கழகத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார். பின்னர் 'யங் லயன்ஸ்' என்னும் இளைஞர் குழுவைப் பயிற்றுவித்தார். 1994க்குப் பின் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியிருந்த சிங்கப்பூர், 2012இல் 'லயன்ஸ் டுவெல்வ்' என்னும் குழுவுடன் திரும்பியது. அதன் பயிற்றுநர் இவரே. முதல் ஆண்டில் லீக் போட்டியில் இரண்டாம் இடம். மறு ஆண்டு, 2013 ஜூலை 2ஆம் நாள், லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைடெட் குழுவை 4-0 என வென்று மலேசிய சூப்பர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. 1929இல் திறக்கப்பட்ட பழம்பெரும் அரங்கம் அது.

இதில் வியப்பு ஒன்றுண்டு. பலரைக் கடந்து ஆடிய அவர், தம் குழுவுக்கு முதலில் கற்பித்தது கட்டுக்கோப்பான தற்காப்பு! தம்மைப் போன்ற இன்னொருவரை உருவாக்க முனையாமல், தம்மிடம் இருந்த இளைஞர்களுக்கு எது இயலும் என்பதை அவர் கணித்தார் என்றே யான் கருதுகிறேன்.

ஆயினும் அதே முறை எங்கும் பலிக்கவில்லை. 2016இல் தேசியக் குழுவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டின் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியில் பிலிப்பீன்சுடன் 0-0 எனச் சமநிலை. தாய்லாந்திடமும் இந்தோனேசியாவிடமும் தோல்வி. மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். தற்காப்பையே நம்புகிறார் என்று இரசிகர்கள் குறை கூறினர். அவர் கால்களின் வித்தையைக் கண்டவர்கள் அல்லவா, ஏமாற்றமும் பெரிதாயிருந்தது. 2018 ஏப்ரலில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்து அவ்விடத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர், அவரோடு ஒரே காலத்தில் ஆடிப் புகழ்பெற்ற ஃபாண்டி அகமது.