பழவேற்காட்டில் படகை எங்கே இறக்குவது?

வரைபடத்தில் பழவேற்காடு ஏரியைப் பார்க்கிற எவருக்கும் ஒரு கயாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தோன்றும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலிருந்து ஒரு காலைப் பயணத் தூரம். கடலலையை ஸ்ரீஹரிகோட்டா தீவு மறித்து நிற்கிறது. மடவை, கொடுவா, கிழங்கான், இறால், நண்டு என்று மீன்வளத்துக்கும் குறைவில்லை. தூண்டில்காரருக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் தரை வேண்டும். ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கயாக் அரை அடித் தண்ணீரிலேயே மிதந்துவிடும். அதில் ஏறப்போகிறவரின் கால்தான் சேற்றில் முட்டிவரை இறங்கும். ஏற்றத்தில் கரையைத் தொடும் தண்ணீர் வற்றத்தில் விலகிப்போய்ச் சேற்றுவெளியை விட்டுவைக்கும். காலையில் இறங்கிய இடத்திலேயே மதியம் கரையேற முடியும் என்ற உறுதி இல்லை. முகத்துவாரப் பக்கம் மணல் உண்டு, ஆனால் காலைக் கிழிக்கும் சிப்பித் திட்டுகளும் அங்கே உண்டு. மீனவர் படகுகள் வரிசையாக நிற்கும் இடம் நல்ல தரை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அதற்காக அவர்கள் மீன் இறக்கும் வழியில் காரை நிறுத்துவது அழகில்லை.

அடுத்தது காற்று. கோடையில் விடியற்காலைக் காற்று மென்மையாகத் தரையிலிருந்து வீசும். வெயில் ஏறியதும் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து எழும். மேற்குக் கரையில் பழவேற்காடு ஊர்ப்பக்கம் இறங்குகிறவரை, களைத்துத் திரும்பும் நேரத்தில் அந்தக் காற்றே கரைக்குத் தள்ளிவிடும். கிழக்கே மணல்திட்டிலிருந்து கிளம்பியவர் அதே காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும். ஆழமில்லாத ஏரியில் சிறு அலைகூடக் குட்டையாக, அடுத்தடுத்து வந்து படகை நனைக்கும்.

கொடுவாவுக்கு ஆசைப்பட்டு முகத்துவாரத்தை நெருங்குவதுதான் பெரிய ஆபத்து. வற்றத்தின்போது ஏரித் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாயும். துடுப்பு ஓய்ந்தால் படகு அலையடிக்கும் இடத்துக்குப் போய்விடும். வாய் ஓரிடத்தில் நிற்பதுமில்லை: கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அதை அடைக்கும், இடம் மாற்றும். போன ஆண்டு கிடைத்த வழிக்குறிப்பு இந்த ஆண்டு உதவாமல் போகலாம்.

தண்ணீருக்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். கோட்டைக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் மீனவர்கள் 'பாடு' முறையில், இன்ன நாளில் இன்ன இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இருளர்கள் பறி என்னும் மீன்கூடையைப் பல்லில் கவ்வியபடி தண்ணீரில் தவழ்ந்து இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிறார்கள். முளைக்கம்பு ஊன்றிக் கட்டிய வலைக்குப் பக்கத்தில் தூண்டில் வீசுகிறவர், அடுத்தவர் வயலில் இறங்கியவர்தான்.

இத்தனைக்கும் முன்னால் சட்டம் நிற்கிறது. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆகவே கயாக்கை வண்டியில் ஏற்றுமுன் போக வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம். அனுமதி இல்லையென்றால், துடுப்புப் போடும் ஆசையைப் பிச்சாவரத்திலோ, ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டிலோ தீர்த்துக்கொள்ளலாம். காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். தூண்டிலை மட்டும் வீட்டில் வைத்துவிட வேண்டும்.