மழைக்கு ஒரு கொப்பி

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தார்க்கு அது கங்கண கிரகணம். வெலிமடையில் இருந்த எமக்குப் பகுதிக் கிரகணமே. எனினும் எங்கள் தோட்டத்துப் பாடசாலை மைதானத்தில் அன்று திரண்ட கூட்டத்தை எனது முப்பதாண்டு ஆசிரிய வாழ்வில் நான் கண்டதில்லை. அட்டையில் ஊசித் துளையிட்டு, வெள்ளைத் தாளில் விழச் செய்த சூரியப் பிறையைக் காண ஏறத்தாழ இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். மரத்தடியில் இலைகளின் இடைவெளி வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் அத்தனையும் பிறை பிறையாகக் கிடப்பதை ஒரு சிறுமி கண்டு கூவினாள். எல்லோரும் அங்கே ஓடினார்கள். அந்த உற்சாகத்தில், "விஞ்ஞான மன்றம் ஒன்று தொடங்குவோம், யார் யார் சேருகிறீர்கள்?" என்று கேட்டேன். உயராத கையில்லை.

மறுமாதம் நடந்த முதற் கூட்டத்துக்கு வந்தவர் எழுவர். அவர்களுள்ளும் இருவர் மழைக்கு ஒதுங்க வந்தவர்கள்.

கிரகணத்துக்குக் கூட்டம் சேர்வது எந்த நாளிலும் உள்ளதே. 1955 ஜூன் 20ஆம் திகதி பூரண கிரகணத்தின் நிழல் இலங்கையைக் கடந்து சென்றபோது, அதை ஆராயப் பிறநாட்டு அறிஞர் தூரதரிசினிகளோடு இங்கு வந்திறங்கினர். அதே காலத்தில், கிரகண வேளையில் வசம்பை அரைத்துக் குடித்தால் மேனி வெளுக்கும் என்றொரு வதந்தியும் நாடெங்கும் பரவியது. அதை நம்பிக் குடித்த பெண்கள் பலர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக வைத்தியசாலைகளை நாடினர். என் தாயார் இதனைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தூரதரிசினியும் வசம்பும் ஒரே நாளில் ஒரே தீவில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துபோய்ப் பேச ஆளில்லாது போயிற்று.

அவ்வாறு நடந்துபோகும் ஆட்களை உண்டாக்குவதற்கே கிளைகள் வேண்டும். நமது நாட்டில் விஞ்ஞானிகளுக்கென ஒரு சங்கம் 1944இலேயே கொழும்பில் தோன்றிவிட்டது. அதன் பணி பெரிது; ஆயின் கொழும்பிலிருந்து எங்கள் லயத்து வாசலுக்குப் பாதை நீளம். இவ்விடயத்தில் நமக்குப் பாடம் சொல்லத்தக்கவர்கள் கடலுக்கு அப்பால் உள்ள மலையாளிகள். 1962இல் கோழிக்கோட்டில் விஞ்ஞான எழுத்தாளர் சிலர் கூடித் தொடங்கியதே கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத். தொடக்கத்தில் அது தாய்மொழியில் விஞ்ஞானம் எழுதுவோரின் சங்கம் மட்டுமே. 1966இல் ஒரு சஞ்சிகை, 1969இல் மாணவர்க்கு ஒன்று, 1970இல் சிறுவர்க்கு 'யுரேக்கா' என எழுத்திலேயே வளர்ந்தது. பின்னர்தான் ஊருக்கு ஊர் 'யூனிட்' எனப்படும் அடிக் கிளைகளாகப் பரவிற்று. அரசாங்கப் பணத்தை எதிர்பாராமல், கிளை உறுப்பினர் வீடு வீடாகச் சென்று புத்தகம் விற்ற பணத்திலேயே பெரும்பாலும் இயக்கம் நடந்தது. சைலண்ட் வேலிக் காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை எதிர்த்து அவர்கள் எழுப்பிய வாதம் இந்தியா முழுவதும் கேட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

தமிழ்நாட்டிலும் 1980இல் அறிவியல் இயக்கம் தோன்றியது. நாம் விஞ்ஞானம் என்பதை அவர்கள் அறிவியல் என்பர், பொருள் ஒன்றுதான். அவர்கள் 1987 முதல் நடத்திய 'துளிர்' என்னும் சிறுவர் சஞ்சிகையின் பழைய பிரதிகள் சிலவற்றை மதுரைக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர் எனக்குத் தந்தார். அவற்றைத்தான் அந்த எழுவர் முன்னே பரப்பி வைத்தேன். படித்தார்கள், மகிழ்ந்தார்கள். அடுத்த மாதம் ஐவர் வந்தனர்.

அப்போதுதான் ஓர் உண்மை எனக்குத் தட்டுப்பட்டது. கூட்டம் என்பது பேசுபவனுக்கு வேலை. கேட்பவனுக்கு அதில் வேலையில்லை. வேலையில்லாத இடத்துக்கு மனிதன் எத்தனை முறை வருவான்? பிரித்தானியாவில் சைமன்ஸ் என்றொருவர் 1860இல் மழையளப்போரைத் திரட்டத் தொடங்கினார். முதல் ஆண்டில் 168 பேர். 1900இல் அவர் இறந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் வீட்டுத் தோட்டத்தில் நாள்தோறும் மழையளந்து அவருக்கு எழுதிக்கொண்டிருந்தனர். பாதிரிமார், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். அவர்களைச் சேர்த்து வைத்தது சொற்பொழிவன்று. காலையில் செய்தாக வேண்டிய ஒரு சிறு கடமை.

மழை எங்களுக்கு வெறும் பாடமுமன்று. ஆடி ஆவணியில் வீசும் கச்சான் காற்றுக்கு ஊவா வறண்டு கிடக்கும். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் அவ்வறட்சியில் பிறப்பதே. ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழாகும். வெலிமடை என்ற பெயரைப் பாருங்கள்: சிங்களத்தில் வெலி என்பது மணல், மட என்பது சேறு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்தது. பலர் உயிரோடு புதையுண்டனர். அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னவர்க்கும் அங்கே படுத்துறங்கியவர்க்கும் இடையில் மீண்டும் அதே தூரம்.

அந்நிறுவனத்தார் மண்சரிவுக்கு மூன்று எண்களைச் சொல்வர். இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு; 100 ஆனால் எச்சரிக்கை; 150 ஆனால் வெளியேற்றம். மூன்று எண்களையும் ஒரு சிறுவன் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பெய்த மழை எத்தனை என்பது லயத்தில் யாருக்குத் தெரியும்? நூறாண்டுக்கு மேலாகத் தோட்டங்களில் மழைமானி இருந்தே வந்திருக்கிறது. துரை பங்களாப் புற்றரையிலோ ஆபீஸ் முற்றத்திலோ இருக்கும். கிளாக்கர் அளந்து பேரேட்டில் எழுதுவார். அந்த எண் கொழுந்தின் கணக்குக்குப் போயிற்று. கொழுந்து பறிப்பவளின் காதுக்கு வரவில்லை.

எங்கள் மழைமானி குளிர்பானப் போத்தலால் ஆனது. பக்கங்கள் நேராக உள்ள போத்தலின் கழுத்துப் பாகத்தை வெட்டி, தலைகீழாக அதன் மேலேயே கவிழ்த்தால் புனல் ஆகிவிடும். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால், ஒரு கோடு வரை நீர் நிரப்பி, அதனைச் சுழி என்று கொள்ள வேண்டும். அதற்குமேல் அடிமட்டத்தை ஒட்டினால், ஒரு மில்லிமீற்றர் நீர் ஒரு மில்லிமீற்றர் மழை. மரம், கூரை இவற்றிலிருந்து விலக்கிக் கம்பத்தில் கட்டினோம். அயலில் இரண்டு தோட்டங்களிலும் அவ்வாறே கட்டி, மூன்று கிளைகள் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். அளக்கும் நேரம் காலை எட்டரை. ஆனால் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவது அதற்கு வெகு முன்னர். ஆதலால் கொப்பிக்கு எட்டரை மணிக் கணக்கும், பிரட்டுக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலைக் கணக்கும் என இரண்டு வேளை பார்க்கலானோம். கரும்பலகைத் துண்டொன்றில் எண் எழுதப்படும். முதல் மாதத்தில் அதை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளும் தவறாமல் அளந்த கிளைக்குப் பரிசு என்று அறிவித்தேன். எங்கள் கிளையின் கொப்பியில் ஒரு வெற்றிடமும் இல்லை. அளந்த சிறுவனைச் சபையில் நிறுத்திப் புகழ்ந்தேன். பரிசுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன். சில நாள் கழித்து, அடுத்த தோட்டத்தில் அளக்கும் மாணவி தன் கொப்பியோடு வந்தாள். தைப்பொங்கலையொட்டிய மூன்று நாட்களில் அவள் கணக்கு 0, 0, 41. எங்கள் கொப்பியில் 12, 10, 12. மலைநாட்டில் ஒரு முகட்டுக்கு இப்பால் பெய்வது அப்பால் பெய்யாதிருத்தல் வழக்கமே என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் ஏற்கவில்லை. "சேர், மழை இவ்வளவு ஒழுங்காகப் பெய்யுமா?" என்றாள்.

சிறுவனை அழைத்துக் கேட்டேன். பொங்கலுக்கு மாமன் வீட்டுக்குப் போயிருந்தானாம். திரும்பி வந்து, வெறுமையாகக் கிடந்த மூன்று கட்டங்களையும் கண்டு பயந்து நிரப்பிவிட்டானாம். அவன் அழுதான். எனக்கும் வெட்கமாகவே இருந்தது. பொய்யை அவனுக்குக் கற்பித்தது என் பரிசு. அன்றிலிருந்து பரிசு ஒழிந்தது. அளக்காத நாளில் கட்டத்தை வெறுமையாக விட்டு, அருகில் காரணம் எழுத வேண்டும் என்பது விதியாயிற்று. மழையில்லை என்பதற்குச் சுழி. தெரியாது என்பதற்கு வெறுமை. இவ்விரண்டின் வேறுபாட்டை ஆண்டுக்கணக்காக வகுப்பில் கற்பித்தும் நான் அறிந்திருக்கவில்லை.

மறு வருடம் கார்த்திகையில் ஒரு மாலை கணக்கு 100ஐத் தாண்டியது. இருளில் குடை பிடித்து லயம் லயமாகப் போய்ச் சொன்னோம். மேல் லயத்துப் பதினொரு குடும்பங்களில் நான்கு குடும்பங்கள் பாடசாலைக்கு வந்தன. இரவு முழுவதும் குளிரில் பிள்ளைகள் அழுதன. விடிந்தபோது மழை ஓய்ந்திருந்தது, மலை அசையவில்லை. "என்னங்க மாஸ்டர், மலை விழலையே!" என்று ஒருவர் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார், ஆனால் ஒரு நாள் கூலி இழந்தவரின் பகிடி அது. எச்சரிக்கை என்பது விழும் என்ற வாக்கல்ல, விழக்கூடும் என்ற கணக்கு என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் பலகையில் எண்ணை எழுதி வந்ததைவிட வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

கிளை நடத்துவதில் உள்ள மற்றச் சங்கடங்கள் எல்லோரும் அறிந்தவையே. ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் மன்றமும் அவரோடு மூட்டை கட்டும். பதினெட்டு வயதானால் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு கொப்பிக்கும் இரண்டு பேரை வைத்தோம். இருவரில் ஒருவர் மாணவராக இருக்கக்கூடாது. எங்களுக்கு அவ்வாறு வாய்த்தவர் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கும் ஓர் அம்மையார். பணச் சிக்கல் இல்லை. போத்தலுக்கு என்ன செலவு?

நான்காவது கிளை எதிர்பாராமல் வந்தது. பள்ளத்தில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் பயிரிடும் சிங்களக் கமக்காரர் ஒருவர் பலகையைக் கண்டு நின்றார். மருந்தடித்தபின் மழை எவ்வளவு பெய்தது என்பது அவருக்கு வேண்டியிருந்தது. உமா ஓயாத் திட்டத்துச் சுரங்கத்தினுள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்டதும், பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததும், 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கியதும் அவர் நினைவில் பசுமையாக இருந்தன. "என் கிணற்றில் முன்பு எவ்வளவு நீர் இருந்தது என்று யாராவது கேட்டால், நிறைய என்பதைத் தவிர என்ன சொல்வேன்?" என்றார். கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்றையும் அளக்கத் தொடங்கியவர் அவரே. அவர் கொப்பி சிங்களத்தில் இருக்கிறது. எண்கள் இரண்டுக்கும் பொது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கியதும், மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்ததும், பதுளை மாவட்டம் பட்ட பாடும் எல்லோரும் அறிந்தவை. அவற்றை விரிக்க என்னால் ஆகாது. 27ஆம் திகதி விடியுமுன்னே மேல் லயத்துப் பாட்டி ஒருத்தி பிரட்டுக்களத்துப் பலகைக்குக் குடையோடு இறங்கி வந்து, "பாப்பா, போத்தல் எவ்வளவு?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். எழுத்தறியாதவள் அவள். அன்று யாரும் லயம் லயமாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

நான் அங்கே போய்ச் சேரச் சில நாட்கள் ஆயின, பாதைகள் உடைந்திருந்தன. கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அன்று சேரிடம் கொப்பி கொண்டுவந்து வழக்காடிய மாணவிதான் இப்போது எங்கள் கிளையையும் பார்க்கிறாள். 28ஆம் திகதிக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. அருகில் பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தாள்: பாட்டிமாரைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிச் சென்றிருந்தேன், போத்தல் நிரம்பி வழிந்துவிட்டது, அளவு தெரியாது.