நெசவு வடிவங்களும் வன்வட்டின் நம்பகமும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டியுள்ள ஊர் திருப்புட்குழி. இவ்வட்டாரப் பட்டுத்தறிகளில் சேலையின் கரையும் முந்தியும் துளையிட்ட அட்டைகளால் உருப்பெறுகின்றன. ஜக்கார்டுப் பெட்டியில் துளை வாய்த்த இடத்தில் ஊசி நுழையும், பாவு இழை எழும். துளையில்லா இடத்தில் இழை தாழ்ந்தே நிற்கும். இன்று அட்டைக்கு முன்னரே வடிவம் கணிப்பொறியில் வரையப்பட்டு வன்வட்டில் சேமிக்கப்படுகிறது. கிழிந்த அட்டையை ஒட்டிக்கொள்ளலாம். வன்வட்டு பழுதுற்றால், பல திங்கள் உழைத்து வரைந்த கரைகள் அனைத்தும் ஒருநொடியில் மறையும். ஆதலின் வட்டைத் தேர்வதில் அறிவியல் நோக்கு வேண்டும்.

வன்வட்டினுள் காந்தப்பூச்சுற்ற தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனித மயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! சுழலும்போது விழும் ஓர் அதிர்ச்சியே முனையைத் தகட்டில் மோதவைக்கப் போதும்.

விற்பனைத்தாளில் ‘பழுதிடைச் சராசரிக் காலம் 10 இலட்சம் மணி’ என்றிருக்கும். அது 114 ஆண்டு. எனினும் அவ்வட்டு நூற்றாண்டு வாழும் என்பது பொருளன்று. ஆயிரம் வட்டுகளை ஓராண்டு இடைவிடாது இயக்கினால் ஏறத்தாழ ஒன்பது பழுதுறும் என்பதே அதன் பொருள். அக்கணக்கும் பொறுப்புறுதிக் காலத்திற்குள் இயங்கும் வட்டுகளுக்கே பொருந்தும். எனவே அந்த எண்ணைவிட, மூன்றாண்டா ஐந்தாண்டா எனப் பொறுப்புறுதிக் காலத்தைப் பார்ப்பதே பயனுடையது.

நிறுவனப்பெயரைப் பார்த்து வாங்குவதும் முழுமையான வழியன்று. அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன் தரவுக்கூடங்களில் சுழலும் வட்டுகளின் பழுதுக்கணக்கை 2013 முதல் மாதிரி வாரியாகத் திரட்டி வெளியிடுகிறது. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டென அது காட்டுகிறது. மாதிரி எண்ணைக் கேட்டு வாங்குக.

பதிவுமுறையையும் கேட்க வேண்டும். சில வட்டுகளில் தடங்கள் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத அண்டைத் தடங்களையும் எழுதியாக வேண்டும். எழுதி வைத்துவிட்டு என்றேனும் படிக்கும் சேமிப்பிற்கு அது போதும். நாள்தோறும் கரையைத் திருத்தும் வடிவமைப்பாளருக்கு ஏற்றதன்று. முன்னணி நிறுவனங்கள் இம்முறையைக் குறிப்பிடாமலே சில வட்டுகளை விற்றமை 2020இல் வெளிப்பட்டது. வாங்குவோர்க்கு அது செய்த தீங்கு சிறிதன்று.

வாங்கிய வட்டை முழுவதும் எழுதி, முழுவதும் படித்துப் பார்த்த பின்னரே வடிவங்களை ஒப்படைக்க வேண்டும். வட்டே தன் நலத்தைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், மாற்றிடப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும் படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் சுழியமாக இருத்தல் நன்று. அவை ஏறத் தொடங்கினால் அன்றே வேறு வட்டிற்குப் படியெடுக்க. அந்தப் படி வேறு மாதிரி வட்டில், வேறொரு வீட்டில் இருக்கட்டும்.