24 இலக்கத்தோடு நின்றுபோன எண்

357686312646216567629137 ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதுவும் அதை மீதியின்றி வகுக்காது. இடது ஓரத்து 3-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் பகா எண்தான். அடுத்து 5, பிறகு 7 என்று இடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாலும், 29137, 9137, 137, 37, 7 என இறங்கும் கடைசிப் படிவரை பகா எண்ணே நிற்கும். பூஜ்யம் கலக்காத எண்களில் இந்தக் குணம் உள்ளவை 4260. அவற்றில் மிகப் பெரியது இது.

இதெல்லாம் புதிர்ப் பக்கத்துக்கான சரக்கு என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியும் அந்தக் கட்சிதான். 8712 என்பது 2178-இன் நான்கு மடங்கு. திருப்பி எழுதினால் வரும் எண்ணின் மடங்காகவே ஓர் எண் அமைந்திருக்கிறது. இத்தகைய விநோதங்களில் கணிதவியலாளரைக் கவர ஒன்றுமில்லை என்று 1940-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். இந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. இலக்கங்கள் நாம் எழுதும் முறையால் வருபவை. கணினியின் இரும முறையில் கடைசி இலக்கம் 0 அல்லது 1; இரண்டுமே பகா எண் அல்ல என்பதால் அங்கே இப்படியோர் எண்ணுக்கே இடமில்லை. ஆனாலும் நம் 24 இலக்க எண்ணை 8712-உடன் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பேன். அது ஏன் 24 இலக்கத்தோடு நின்றது என்று கேட்டால், விடை பகா எண்களின் ஆழமான விதி ஒன்றில் போய் முட்டுகிறது.

இந்தக் குடும்பத்தில் ஓரிலக்க எண்கள் 4, ஈரிலக்க எண்கள் 11, மூவிலக்க எண்கள் 39. ஒன்பது இலக்கத்தில் 545 என்று உச்சத்தைத் தொட்டு, பத்தில் 517, பதினைந்தில் 117, இருபதில் 6 என்று சரிகிறது. எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகும். எந்த வேகத்தில் அருகும் என்பதை 1896-இல் கணிதவியலாளர்கள் அடமாரும் வலே பூசானும் தனித்தனியே நிறுவினார்கள். 10 இலக்கத்தை ஒட்டி, ஏறத்தாழ 23 எண்களுக்கு ஒன்றுதான் பகா எண். நம் எண்கள் ஓரிலக்கத்தைத் தாண்டிவிட்டால் 3-இலோ 7-இலோதான் முடியும். 2, 5 வகுக்கும் அபாயம் இல்லை என்பதால் ஒன்பதுக்கு ஒன்று தேறும். முன்னால் சேர்க்கக் கிடைக்கும் இலக்கங்களும் ஒன்பதுதான்! ஆகவே ஏறத்தாழ 10 இலக்கம்வரை குடும்பம் பெருக வேண்டும், பிறகு குறைய வேண்டும். பட்டியலும் அதையே காட்டுகிறது. அடிமானத்தை மாற்றினால் கடைசி எண் மாறும். ஆனால் எந்த அடிமானத்திலும் எண் நீள நீள முன்னால் சேர்க்கக் கிடைப்பவை கூடப்போவதில்லை, பகா எண்கள் அருகுவதும் நிற்கப்போவதில்லை.

சராசரிக் கணக்கு நிரூபணம் ஆகாது என்ற மறுப்பும் சரியானதே. நிரூபணம் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் இருக்கிறது. நம் எண்ணின் முன் 2, 5, 8 எதைச் சேர்த்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடும். 3-ஐச் சேர்த்தால் 7 வகுக்கும், 6-ஐச் சேர்த்தால் 11 வகுக்கும். எஞ்சிய 1, 4, 7, 9 தரும் 25 இலக்க எண்களும் பகு எண்களே.