ரயில் ஏறி வரும் சலுகை எது? ஊரிலேயே நிற்பது எது?

விலைவாசி ஏறும்போதெல்லாம் அரசாங்கம் ஏதாவது ஒரு நிவாரணத்தை அறிவிக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அரிசி, மீனவருக்குத் தடைக்கால நிவாரணம், விவசாயிக்கு உதவித்தொகை, குடும்பத் தலைவிக்கு மாதப் பணம் என்று பட்டியல் நீளுகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு ரேஷன் கடை வாசலிலேயே விவரம் தெரிந்துவிடும்.

பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர்களின் பாடுதான் திண்டாட்டம். ஊர் ரேஷன் அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கடை விலைக்கு அரிசி வாங்குகிறவர்கள் உண்டு.

இந்தச் சலுகைகளில் சில, ஆளோடு சேர்ந்து ரயில் ஏறி வரும். சில ஊரிலேயே நின்றுவிடும். எது வரும், எது வராது என்று தெரியாமல் அட்டையில் கை வைத்தால், கையில் இருப்பதும் போய்விடும்.

அட்டையில் உள்ள எழுத்து

"ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" திட்டம் 2019 ஆகஸ்டு மாதம் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. அதில் மராட்டியமும் ஒன்று. தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-ந்தேதி சேர்ந்தது. கொரோனா காலத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்தைத் தானாக முன்வந்து விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31-க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆனால் எல்லா அட்டைக்கும் இது செல்லாது. தமிழ்நாட்டு ஸ்மார்ட் அட்டையின் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். "பி.எச்.எச்." அல்லது "பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்." என்று இருந்தால் மும்பையிலும் தானியம் உண்டு. "என்.பி.எச்.எச்." என்று இருந்தால் இங்கே கிடையாது.

ஊரில் இந்த எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். என்.பி.எச்.எச். அட்டைக்கும் அந்த அரிசி உண்டு. ஆனால் அது மாநில அரசு தன் செலவில் தரும் சலுகை. ஆகவே அது எல்லையைத் தாண்டாது. 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசு தருவது மட்டுமே ரயில் ஏறும்.

மும்பைக் கடையில் என்ன கிடைக்கும்?

பி.எச்.எச். அட்டையில் ஓர் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். ஏ.ஏ.ஒய். அட்டையில் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். 2024 ஜனவரியில் இருந்து மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறார்கள். உள்ளூர்க் கடையில் இருக்கும் தானியம்தான் தருவார்கள். அரிசியோடு கோதுமையும் சேர்ந்து வரலாம். துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டுச் சலுகை. அவை இங்கே கிடைக்காது.

குடும்பம் முழுவதும் இங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. பி.எச்.எச். அட்டையில் ஐந்து பேர். இருவர் மும்பையில், மூவர் ஊரில். இங்குள்ளவர்கள் தங்கள் பங்கு 10 கிலோவை மும்பையில் வாங்கலாம். மீதி ஊரில் உள்ளவர்களுக்கு இருக்கும். வாங்குகிறவரின் ஆதார் எண் அட்டையோடு இணைந்திருக்க வேண்டும்; கைரேகை பதிய வேண்டும். கடைக்காரர் மறுத்தால் 14445 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஆயிரமா, ஆயிரத்து ஐந்நூறா?

தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2023 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. மராட்டியத்தில் 2024-ல் "லாட்கி பகீண்" திட்டம் மாதம் 1,500 ரூபாய் என்று தொடங்கியது. அங்கே ஆயிரம், இங்கே ஆயிரத்து ஐந்நூறு என்று கேட்டதும் மனம் அலைபாய்வது இயற்கை.

ஆனால் ஒருவர் பெயர் இரண்டு மாநில அட்டைகளில் இருக்கக் கூடாது. உரிமைத் தொகைக்கு ஊர் அட்டைதான் ஆதாரம். பொங்கல் பரிசும் அப்படியே. 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாயும், 2024 பொங்கலுக்கு 1,000 ரூபாயும் அந்த அட்டைக்குத்தான் கொடுத்தார்கள். மராட்டியத் திட்டமோ இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு உரியது. குடியிருப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் 15 ஆண்டுகளுக்கு முந்தைய உள்ளூர் ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை போன்றவற்றைக் காட்டலாம் என்று 2024-ல் சொன்னார்கள். நேற்று வந்தவர்களிடம் அது இருக்காது.

ஆகவே இரண்டு தலைமுறையாக இங்கேயே வேரூன்றிய குடும்பத்தின் கணக்கு வேறு. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவரின் கணக்கு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் செய்தார் என்று ஊர் அட்டையில் பெயரை நீக்குவது, இருந்த இலையையும் எடுத்துவிட்டுப் பந்தியில் நிற்பதற்குச் சமம்.

கடலுக்குப் போகிறவர்கள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். இரண்டு கடலும் சேர்ந்து மூடிக் கிடப்பது ஜூன் மாதத்தின் முதல் 14 நாட்கள்தான். கிழக்கே தடை வந்ததும் மேற்குக் கரைப் படகுகளில் கூலிக்கு ஏற இது இடம் தருகிறது.

தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழ்நாடு அரசு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தது. இந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் அதற்கு ஆதாரம் ஊரில் உள்ள பதிவு. வெளிமாநிலப் படகில் வேலை செய்கிறவர், ஊரில் தன் பதிவு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

நிலம் யார் பெயரில்?

"பி.எம். கிசான்" திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. இது வங்கிக்கு வருவதால் எங்கிருந்தும் எடுக்கலாம். ஆனால் நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கும் இல்லை. வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு; அதற்குப் பட்டா மாற்ற வேண்டும். தகப்பனார் காலமாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடந்தால் பணம் வராது.

குமாஸ்தாக்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரசு ஊழியர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் கிடையாது. தகுதி இல்லாதவர்கள் பெயரில் பணம் போன விவகாரம் 2020-ல் தமிழ்நாட்டில் வெடித்தது. போன பணத்தை அதிகாரிகள் வீடு வீடாகத் திரும்ப வசூலித்தார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மூன்று வேலைகளை முடித்துவிட்டு வரலாம். அட்டையில் உள்ள எழுத்தைப் பார்ப்பது. ஆதாரில் இப்போதைய செல்போன் எண்ணைச் சேர்ப்பது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. வருமானம் குறைந்த குடும்பத்தின் அட்டையில் தவறாக "என்.பி.எச்.எச்." என்று விழுந்திருந்தால், தாலுகா வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மனு எழுத ஒரு நாள் லீவு போதும். மாதாமாதம் கடை விலைக்கு அரிசி வாங்கும் செலவோடு பார்த்தால், அந்த ஒரு நாள் கூலி பெரிய நஷ்டம் அல்ல.